முதல் ரோபோவுக்கு எந்த போர்டு? கடைக்குப் போகும் முன் ஒரு தாள் போதும்

என் தம்பி மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். விடுமுறையில் ஒரு ரோபோ செய்துவிட வேண்டும் என்று முடிவு செய்து என்னிடம் வந்தாள். வந்ததும் கேட்டது, "பெரியப்பா, எந்த போர்டு வாங்கணும்?"

"உன் ரோபோ என்னென்ன செய்யணும், அதைச் சொல்லு முதல்ல."

"தரையில ஒட்டின கருப்புக் கோட்டைப் பார்த்துப் போகணும். எதிரே ஏதாவது வந்தா நின்னு, இடமும் வலமும் பார்த்துட்டுத் திரும்பணும். அப்புறம் என் போன்ல இருந்தும் ஓட்டணும்."

"சரி, இதையெல்லாம் ஒரு தாள்ல எழுது. போர்டைக் கடைசியில பேசிக்கலாம்."

புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். யாரோ நல்லது என்று சொன்ன போர்டை முதலில் வாங்கிவிட்டு, அதற்குள் ரோபோவை அடக்கப் பார்க்கிறார்கள். இந்த போர்டை, அதாவது ரோபோவின் மூளையான மைக்ரோகன்ட்ரோலரைத் தேர்ந்தெடுப்பது ரசனையைவிடக் கணக்கைச் சேர்ந்த வேலை. மோட்டார், சென்சார், பேட்டரி மூன்றும் முடிவாகிவிட்டால், பொருந்தாத போர்டுகள் தாமாகவே விலகி, கடைசியில் ஒன்றிரண்டுதான் மிஞ்சும். அவள் எழுதிய தாளை வைத்தே அந்தக் கணக்கைச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு பெயர்க் குழப்பம். ராஸ்பெரி பை 4, 5 போன்றவை மைக்ரோகன்ட்ரோலர்கள் அல்ல. அவை லினக்ஸ் ஓடும் சிறு கணினிகள். கேமராவில் பந்தையோ முகத்தையோ அடையாளம் காண வேண்டுமென்றால் அவை வேண்டும். ஆனால் லினக்ஸ் ஒரே நேரத்தில் நூறு வேலைகளைக் கவனிப்பதால், மைக்ரோசெகண்ட் துல்லியத்தில் மோட்டாருக்குத் துடிப்பு அனுப்ப அதை நம்ப முடியாது. மைக்ரோகன்ட்ரோலரில் ஓடுவது நாம் எழுதிய நிரல் மட்டும்தான். மின்சாரம் வந்ததும் ஓடும், போனால் நிற்கும். ராஸ்பெரி பை பீக்கோ என்பது, பெயர் அப்படி இருந்தாலும், இந்த இரண்டாவது வகை.

முதல் படி: பின்களை எண்ணுங்கள்

தாளில் ஒவ்வொரு பாகத்துக்கு நேராகவும் அதற்கு போர்டில் எத்தனை பின், அதாவது வயர் மாட்டும் முனை, வேண்டும் என்று எழுதினோம்.

மோட்டார் டிரைவர் (போர்டின் சொல்படி மோட்டாருக்கு மின்சாரம் விடும் சிப்), டிபி 6612: இரண்டு மோட்டாருக்குத் தலா 3, ஆக 6
கோடு பார்க்கும் ஐஆர் (அகச்சிவப்பு) சென்சார்கள்: அனலாக் பின், அதாவது கூடக் குறைய அளவு படிக்கும் பின், 5
தடையை ஒலியால் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார்: 2
அந்த சென்சாரைத் திருப்பும் சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சிறு மோட்டார்): 1
சக்கரச் சுழற்சியை எண்ணும் என்கோடர்கள்: தலா 2, ஆக 4
புளூடூத் மாட்யூல்: 2
தொடங்குவதற்கு ஒரு பட்டன்: 1

மொத்தம் 21. ஆர்டுயினோ யூனோ என்ற போர்டில் இருப்பது 14 டிஜிட்டல் (உண்டு, இல்லை மட்டும் பேசுபவை), 6 அனலாக், ஆக 20 பின்கள். ஒன்று குறைகிறது. உண்மையில் ஒன்றுக்கு மேலேயே குறைகிறது. 0, 1 என்ற இரண்டு பின்களும் கணினியோடு பேசும் யூஎஸ்பி இணைப்புக்கும் பொதுவானவை. புளூடூத்தை அவற்றில் மாட்டினால், ஒவ்வொரு முறை நிரல் ஏற்றும்போதும் அதைக் கழற்றி மாட்ட வேண்டும். நாளைக்கு எம்பியூ 6050 போன்ற சாய்வு சென்சார் வைக்க ஆசைப்பட்டால், அது கேட்கும் ஐ2சி என்ற இரு வயர் இணைப்பு யூனோவில் ஏ4, ஏ5 பின்களிலேயே இருக்கிறது. ஐந்து ஐஆர் சென்சார்கள் ஏ0 முதல் ஏ4 வரை ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டன.

போனில் ஓட்டுவது, தடை பார்ப்பது, என்கோடர் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுக் கோட்டில் மட்டும் போனால் போதும் என்றால்? 6 + 5 + 1 = 12 பின்கள். யூனோ தாராளமாகப் போதும். அதைவிடச் சின்ன நானோவும் போதும், இரண்டிலும் இருப்பது அதே ஏடிமெகா 328பி சிப்தான். ஆகவே தாளில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் "இப்போதே வேண்டும்", "அடுத்த கோடையில்" என்று குறித்துக்கொள்ளுங்கள். அவள் என்கோடரை அடுத்த கோடைக்குத் தள்ளத் தயாராக இருந்தாள். போனை விட்டுத்தர மாட்டேன் என்றுவிட்டாள்.

இரண்டாம் படி: பின்னுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

எண்ணிக்கை சரியாக இருந்தும் ரோபோ வேலை செய்யாமல் போவது இங்கேதான். இந்த இடத்தில் நான் இரண்டு மாலைகளைத் தொலைத்திருக்கிறேன். இரு சக்கர வண்டி ஒன்று நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு சர்வோவைச் சேர்த்தேன். அந்த நிமிடத்திலிருந்து இடது சக்கரம் நான் சொன்ன வேகத்தைக் கேட்கவே இல்லை. மோட்டாரை மாற்றினேன், டிரைவரை மாற்றினேன், சாலிடரிங்கைத் திரும்பச் செய்தேன். வயரில் ஒரு குறையும் இல்லை. நான் இடது மோட்டாரின் வேகத்தை 9ஆம் பின்னில் கொடுத்திருந்தேன், அதுதான் காரணம்.

விஷயம் இதுதான். மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்க பிடபிள்யூஎம் வேண்டும், அதாவது மின்சாரத்தை வேகமாக விட்டு விட்டுக் கொடுப்பது. யூனோவில் 3, 5, 6, 9, 10, 11 என ஆறு பின்களில் இது உண்டு. ஆனால் அந்த ஆறையும் இயக்குபவை உள்ளே இருக்கும் மூன்றே டைமர்கள், அதாவது நேரம் எண்ணும் சுற்றுகள். 5, 6 ஒரு ஜோடி. 9, 10 ஒரு ஜோடி. 3, 11 ஒரு ஜோடி. சர்வோவை இயக்கும் ஆயத்த நிரலான சர்வோ லைப்ரரி 9, 10க்கான டைமரை முழுதாகத் தன் வசம் எடுத்துக்கொள்கிறது. சர்வோவை எந்தப் பின்னில் மாட்டினாலும் 9, 10இல் பிடபிள்யூஎம் போய்விடும். பஸ்ஸரில் ராகம் வாசிக்கும் டோன் கட்டளை 3, 11க்கான டைமரை எடுத்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்தால் மிஞ்சுவது 5, 6 மட்டுமே. அதனால் யூனோவிலும் நானோவிலும் மோட்டார் வேகத்தை எப்போதும் 5, 6இல் கொடுங்கள். இந்த ஒரு பழக்கம் போதும், நான் பட்ட பாடு உங்களுக்கு வராது.

என்கோடருக்கு வேறு கணக்கு. சின்ன என்20 மோட்டாரின் பின்புறம் காந்த என்கோடர் இருக்கிறது, அது மோட்டார் தண்டின் ஒரு சுற்றுக்கு 7 துடிப்பு தருகிறது, கியர் 50க்கு 1, சக்கரம் நிமிடத்துக்கு 300 சுற்று என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் நொடிக்கு 5 சுற்று, மோட்டார் தண்டு 250 சுற்று. ஒரு வயரில் 1,750 துடிப்பு. இரண்டு வயர்களின் ஏற்றம், இறக்கம் எல்லாவற்றையும் எண்ணினால் 7,000. இரண்டு சக்கரத்துக்கு நொடிக்கு 14,000. 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் யூனோவுக்கு இரண்டு எண்ணிக்கைக்கு இடையே கிடைப்பது 1,100 சொச்சம் கடிகாரத் துடிப்புகள். கோட்டைப் பார்ப்பது, வேகத்தைத் திருத்துவது எல்லாம் அந்த இடைவெளிக்குள் நடக்க வேண்டும். முடியாது என்றில்லை, ஆனால் நெருக்கடி. ஒரு வயரின் ஏற்றத்தை மட்டும் எண்ணினால் கால் பங்காகக் குறையும், முதல் ரோபோவுக்கு அந்தத் துல்லியமே போதும். வெளி இன்டரப்ட் (செய்யும் வேலையை நிறுத்தி உடனே கவனிக்க வைக்கும் சிக்னல்) தரும் பின்கள் யூனோவில் இரண்டுதான், 2உம் 3உம். அவற்றை என்கோடருக்கு என்று முன்கூட்டியே ஒதுக்கிவிடுங்கள்.

இஎஸ்பி 32 என்ற போர்டில் துடிப்பு எண்ணுவதற்கென்றே ஒரு தனிச் சுற்று உள்ளே இருக்கிறது. நிரல் வேறு வேலையில் இருக்கும்போதும் அது எண்ணிக்கொண்டே இருக்கும், வேண்டும்போது தொகையை வாங்கிக்கொள்ளலாம். எஸ்டிஎம் 32 என்ற இன்னொரு வகையின் டைமர்களிலும் அந்த வசதி உண்டு. பீக்கோவில் நாமே சிறு நிரல் எழுதி ஓடவிடக்கூடிய எட்டு குட்டி இயந்திரங்கள் இருக்கின்றன, பிஐஓ என்பார்கள். அவற்றில் ஒன்றை இதற்கு விடலாம்.

மூன்றாம் படி: 5 வோல்ட்டா, 3.3 வோல்ட்டா?

யூனோ, நானோ, ஆர்டுயினோவின் பெரிய போர்டான மெகா பேசுவது 5 வோல்ட் மொழி. இஎஸ்பி 32, பீக்கோ, எஸ்டிஎம் 32 பேசுவது 3.3 வோல்ட். பரவலாகக் கிடைக்கும் எச்சி எஸ்ஆர் 04 அல்ட்ராசோனிக் சென்சாரின் எக்கோ பின்னில் 5 வோல்ட் வரும். அதை நேராக இஎஸ்பி 32இலோ பீக்கோவிலோ கொடுத்தால் உடனே புகை வராமல் இருக்கலாம். ஆனால் அந்தப் பின் அதற்காகச் செய்யப்பட்டது அல்ல, ஒருநாள் செத்துப்போகும். இரண்டு ரெசிஸ்டரில் தீர்கிற விஷயம் இது: எக்கோவிலிருந்து 1 கிலோ ஓம், அங்கிருந்து கிரவுண்டுக்கு (மின்சுற்றின் பொது மைனஸ் முனை) 2 கிலோ ஓம், இரண்டும் சேரும் இடத்திலிருந்து போர்டுக்கு ஒரு வயர். 5 வோல்ட்டில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 3.3 வோல்ட் சொச்சம் வரும். மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

நான்காம் படி: பேட்டரி

சதுரமான 9 வோல்ட் பேட்டரியைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். ஸ்மோக் டிடெக்டருக்கு அது சரி. மோட்டார் கிளம்பும்போது கேட்கும் மின்னோட்டத்தை அதனால் தர முடியாது. மோட்டார் இழுத்ததும் வோல்ட்டேஜ் சரிந்து, போர்டு அணைந்து மறுபடி எழும். வெளியிலிருந்து பார்த்தால் ரோபோ விக்கிக்கொண்டே இருப்பது போலத் தெரியும், பழியை போர்டின் மேல் போடுவோம்.

இரண்டு 18650 லித்தியம் செல்களைத் தொடராக வைத்தால் 7.4 வோல்ட், முழு சார்ஜில் 8.4. அதற்கென்று உள்ள சார்ஜரில் மட்டும் சார்ஜ் செய்யுங்கள், செல் ஒவ்வொன்றும் 3 வோல்ட்டுக்குக் கீழே போகவிடாதீர்கள். இதை நேராக எங்கே கொடுப்பது என்பது போர்டுக்குப் போர்டு மாறும். யூனோவின் வட்ட ஜாக் 7 முதல் 12 வோல்ட் வரை ஏற்கும். ஆனால் அங்கே வோல்ட்டேஜைக் குறைக்க இருக்கும் ரெகுலேட்டர் மிச்சத்தை வெப்பமாகத்தான் கழிக்கும்: 8.4இலிருந்து 5க்கு அரை ஆம்பியர் இறக்கினால் 1.7 வாட் சூடு. விரலை வைத்தால் சுடும். பீக்கோவுக்கு மின்சாரம் கொடுக்கும் விசிஸ் பின் 5.5 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. ஆகவே எந்த போர்டாக இருந்தாலும் வோல்ட்டேஜை அதிகம் சூடாகாமல் குறைக்கும் ஒரு சின்ன பக் கன்வெர்ட்டர் வாங்கி, அதன் திருகைத் திருப்பி வெளியீட்டைச் சரியாக 5 வோல்ட்டுக்கு வைத்து, அதிலிருந்து போர்டுக்கும் சர்வோவுக்கும் தனித்தனி வயர் கொடுப்பது என் வழக்கம். எஸ்ஜி 90 என்ற குட்டி சர்வோகூட எதிலாவது சிக்கினால் அரை ஆம்பியரைத் தாண்டி இழுக்கும். அதை போர்டின் 5 வோல்ட் பின்னிலிருந்து எடுக்க வேண்டாம். மோட்டார், சர்வோ, போர்டு எல்லாவற்றின் கிரவுண்டும் ஒன்றாகச் சேர்ந்திருக்க வேண்டும். அது விட்டுப்போனால் எதுவும் எதோடும் சரியாகப் பேசாது.

டிரைவரும் இந்தக் கணக்கில் வரும். சிவப்பு நிற எல் 298என் மாட்யூல் எங்கும் கிடைக்கிறது, ஆனால் பழைய வகை டிரான்சிஸ்டர்களால் ஆனது. வழியிலேயே சுமார் 2 வோல்ட்டைத் தின்றுவிடும். 6 வோல்ட் கொடுத்தால் மோட்டாருக்கு 4தான் போகும். டிபி 6612 அப்படித் தின்பதில்லை, 3.3 வோல்ட் சிக்னலையும் ஏற்கும். மோட்டார் ஒன்றுக்கு 1.2 ஆம்பியர் வரை தொடர்ந்து தரும். சின்ன ரோபோவுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

ஐந்தாம் படி: வேகமும் நினைவகமும்

விளம்பரத்தில் முதலில் கண்ணில் படும் மெகாஹெர்ட்ஸை நான் ஐந்தாவது இடத்தில் வைக்கக் காரணம் உண்டு. நான்கு மீட்டர் தள்ளி இருக்கும் சுவரில் பட்டு ஒலி திரும்பிவர ஏறக்குறைய 23 மில்லி செகண்ட் ஆகும். 16 மெகாஹெர்ட்ஸ் போர்டானாலும் 240 மெகாஹெர்ட்ஸ் போர்டானாலும் ஒலிக்கு அதே நேரம்தான். பல மாதிரி நிரல்கள் அந்த எக்கோவுக்காகக் கைகட்டிக் காத்திருக்கும், அதற்குள் ரோபோ கோட்டை விட்டு விலகியிருக்கும். காத்திருக்கும் நேரத்துக்கு ஒரு வரம்பு வைத்தால் பழைய யூனோவே நன்றாக ஓடும்.

நினைவகம் அப்படியல்ல. யூனோவில் ரேம் 2 கிலோபைட், அதாவது 2,048 பைட். 128க்கு 64 புள்ளி உள்ள சிறு ஓஎல்இடி திரையை வைத்தால், வழக்கமான லைப்ரரி படத்துக்காக மட்டும் 1,024 பைட் எடுத்துக்கொள்ளும். பாதி போயிற்று. திரை வேண்டும் என்று தாளில் இருந்தால் யூனோ வேண்டாம்.

இப்போது போர்டுகளைப் பார்க்கலாம்

யூனோவும் நானோவும். ஆர்டுயினோ 2005இல் இத்தாலியின் இவ்ரியா நகரில் மாணவர்களுக்காகத் தொடங்கியது. இத்தனை ஆண்டுகளில் யூனோவில் யாரும் மாட்டிப் பார்க்காத சென்சார் இல்லை என்றே சொல்லலாம். பிழை வந்தால் அதே பிழையில் மாட்டிய ஒருவர் ஏற்கெனவே விடை எழுதியிருப்பார். நிரலே எழுதியிராதவருக்கு, கோட்டில் போகும் ரோபோவுக்கு, இன்றும் என் முதல் பரிந்துரை நானோ. 2023இல் வந்த யூனோ ஆர்4இல் 48 மெகாஹெர்ட்ஸும் 32 கிலோபைட் ரேமும் உண்டு, 5 வோல்ட்டும் மாறவில்லை. ஆனால் ஒரு பின்னிலிருந்து 8 மில்லி ஆம்பியர்தான் எடுக்கலாம், பழையதில் 20. எல்இடிகளை நேராக எரியவிடும் பழைய படங்களைப் பார்த்து வயர் மாட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மெகா 2560இல் 54 டிஜிட்டல், 16 அனலாக் பின்கள். பின் பஞ்சம் மட்டுமே பிரச்சினை என்றால் நல்ல தீர்வு, ஆனால் உருவம் பெரியது.

இஎஸ்பி 32. 2016இல் வந்தது. இரட்டைக் கோர், 240 மெகாஹெர்ட்ஸ், 520 கிலோபைட் ரேம், வைஃபையும் புளூடூத்தும் உள்ளேயே. போனில் ஓட்டும் ரோபோவுக்கு இதை மிஞ்ச ஆளில்லை. அதே சமயம் பின்களைப் பார்த்துப் பயன்படுத்த வேண்டிய போர்டும் இதுதான். 6 முதல் 11 வரை உள்ளே ஃபிளாஷ் நினைவகத்துக்குப் போகிறது, தொடவே கூடாது. 34, 35, 36, 39 உள்ளீடு மட்டும். 0, 2, 5, 12, 15 போர்டு விழிக்கும்போது எப்படி விழிப்பது என்று முடிவு செய்பவை. 12இல் அந்த நேரத்தில் மின்சாரம் இருந்தால் போர்டு எழவே எழாது. சில பின்களில் விழிக்கும் கணத்தில் தானாகச் சிக்னல் வரும், அங்கே மோட்டார் டிரைவர் இருந்தால் ரோபோ மேசையிலிருந்து பாய்ந்துவிடும். டிபி 6612ஐ உறங்க வைக்கும் ஸ்டேண்ட்பை பின்னை 10 கிலோ ஓம் வழியாகக் கிரவுண்டுக்குக் கட்டி, தயாரான பிறகு நிரலிலிருந்து எழுப்பினால் இந்த ஆபத்து இல்லை, ஒரு பின் கூடுதலாகச் செலவாகும். அனலாக் அளவை எண்ணாக மாற்றும் ஏடிசி சுற்றுகள் இரண்டில், வைஃபை ஓடும்போது இரண்டாவது வேலை செய்யாது. அனலாக் சென்சார்களை 32 முதல் 39 வரை உள்ள பின்களில் வையுங்கள். எஸ்3, சி3 என்ற புதிய வகைகளில் பழைய வகை புளூடூத் இல்லை, குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்இ வகை மட்டும்தான். போனில் இருக்கும் சீரியல் புளூடூத் ஆப்பை நம்பியிருந்தால் முதல் இஎஸ்பி 32ஐயே கேட்டு வாங்குங்கள். இன்னொன்று: ஆர்டுயினோ மென்பொருளுக்கான இதன் தொகுப்பு 3.0 பதிப்பில் பிடபிள்யூஎம் கட்டளைகளின் பெயர்கள் மாறிவிட்டன. பழைய மாதிரி நிரல் பிழை காட்டினால் முதலில் அதைச் சந்தேகியுங்கள்.

பீக்கோ. 2021இல் 4 டாலருக்கு வந்தது. பைத்தானில் எழுத ஆசைப்படுபவருக்கு இதைவிட எளிதான நுழைவாயில் தெரியவில்லை: பட்டனை அழுத்திக்கொண்டு யூஎஸ்பியை மாட்டினால் பென் டிரைவ் போலத் தெரியும், மைக்ரோபைத்தான் கோப்பை இழுத்துப் போட்டால் முடிந்தது. 264 கிலோபைட் ரேம், 26 பின்கள். ஆனால் அனலாக் மூன்றுதான். ஐந்து அனலாக் சென்சார் கேட்கும் எங்கள் தாளுக்கு அது அங்கேயே நின்றுவிட்டது. நடுவில் 4051 என்ற எட்டு வழி ஸ்விட்ச் சிப் வைக்கலாம், ஆனால் முதல் ரோபோவில் அந்தச் சுமை வேண்டாம்.

எஸ்டிஎம் 32இன் நீல போர்டு திறமையானது, ஆனால் நிரல் ஏற்றத் தனியாக ஒரு கருவி வேண்டும், போலிச் சிப்புகளும் உலவுகின்றன. இரண்டாவது ரோபோவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பத்து வயதுக் குழந்தைகளுக்கு மைக்ரோபிட் என்ற போர்டு நல்லது.

தாளுக்குத் திரும்புவோம், என்கோடரையும் சேர்த்தே. புளூடூத் உள்ளேயே இருப்பதால் 21இல் 2 குறைந்து 19. இஎஸ்பி 32 போர்டில் இருக்கும் பூட் பட்டன் 0 என்ற பின்னோடு சேர்ந்தது. போர்டு விழித்த பிறகு அதையே தொடங்கும் பட்டனாக வைத்தால் 18. டிரைவரின் ஸ்டேண்ட்பைக்கு ஒன்று சேர்த்தால் மறுபடி 19. ஐந்து ஐஆர் சென்சார்கள் 34, 35, 36, 39, 32இல். மீதி 14 வயர்களுக்கு 4, 13, 14, 16, 17, 18, 19, 21, 22, 23, 25, 26, 27, 33 என்று எண்ணிப் பார்த்தால் சரியாக 14 பின்கள். "அடங்கிடுச்சு பெரியப்பா!" என்றாள். அதுவே அவள் போர்டு.

வாங்கும்போதும் வாங்கிய பிறகும்

வாங்கும் முன் வோக்வி என்ற இணைய சிமுலேட்டரில் யூனோ, இஎஸ்பி 32, பீக்கோ மூன்றையும் திரையிலேயே வயர் மாட்டி ஓட்டிப் பார்க்கலாம், செலவில்லை. சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவுக்கு நேரில் போவது நல்லது. போர்டுக்கு ஹெடர் பின்கள் (வயர் மாட்டும் உலோக முனைகள்) சாலிடர் செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், சாலிடரிங் அயர்ன் இல்லாத வீட்டுக்கு இது பெரிய விஷயம். விலை குறைந்த நானோக்களில் சிஎச் 340 என்ற யூஎஸ்பி சிப் இருக்கும். கணினி போர்டைக் கண்டுகொள்ளாவிட்டால் அதற்கான டிரைவர் மென்பொருளைக் கணினியில் போடுங்கள். கணினியில் போர்ட் (யூஎஸ்பி இணைப்பு) தெரிந்தும் நிரல் ஏறவில்லை என்றால் ஆர்டுயினோ மென்பொருளில் பழைய பூட்லோடர் என்ற தேர்வைப் போட்டுப் பாருங்கள். அதற்கும் முன்னால் கேபிளை மாற்றிப் பாருங்கள். போனுக்கு வரும் கேபிள்கள் சில சார்ஜ் மட்டும்தான் செய்யும், டேட்டா வயரே உள்ளே இருக்காது. போர்டு செத்துவிட்டது என்று என்னிடம் கொண்டுவந்தவற்றில் சில, கேபிளை மாற்றியதும் எழுந்து உட்கார்ந்தன. முடிந்தால் ஒன்றுக்கு இரண்டாக போர்டு வாங்குங்கள். எது பழுது என்று தெரியாதபோது மாற்றிப் போட்டுப் பார்க்க ஒன்று இருப்பது பெரிய தைரியம்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாட்டாதீர்கள். முதலில் போர்டிலுள்ள எல்இடியை மினுக்குங்கள், அப்புறம் போர்டு அனுப்புவதைக் கணினியில் காட்டும் சீரியல் மானிட்டருக்கு ஒரு எண்ணை அனுப்புங்கள். பிறகு ஒரே ஒரு ஐஆர் சென்சாரை மாட்டி, கருப்பு டேப்பின் மேலும் வெள்ளைத் தாளின் மேலும் வைத்து எண்கள் எப்படி மாறுகின்றன என்று எழுதிக்கொள்ளுங்கள். மோட்டாரை மாட்டும் நாளில் ரோபோவை ஒரு டப்பாவின் மேல் ஏற்றி, சக்கரங்கள் காற்றில் இருக்கும்படி வையுங்கள். எந்தப் பின்னில் எந்த வயர் என்று எழுதிய அந்தத் தாளை அவள் மடித்து, ரோபோவின் அடித்தட்டில் செலோடேப்பால் ஒட்டிவைத்திருக்கிறாள். வயர் கழன்றால் ரோபோவைத் திருப்பிப் பார்த்தால் போதும்.